நாலு கண் தேங்காய்

பொள்ளாச்சியில் பொய்க்குப் பஞ்சம் கிடையாது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும்போதே பாதிப் பொய் பேசி முடிந்துவிடும். மீதியை இளநீர் வியாபாரிகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறுச்சாமியின் வேனில் ஏறிய அளவுக்குப் பொய் அந்த ரோட்டில் அதற்கு முன் போனதில்லை. நியாயமாகப் பார்த்தால் அதற்குத் தனி லாரி பிடித்திருக்க வேண்டும்.

வேன் கோயமுத்தூர் போகிறது. உள்ளே இருப்பவர்கள் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதக் கிளம்பியவர்கள். பகல் பன்னிரண்டேகாலுக்குத் தேர்வு மையத்தின் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் ஆண்டவனே வந்து நின்றாலும் அடுத்த வருஷம் வா என்பார்கள். ஜன்னலோரம் பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தாறு. தேங்காய் நார் ஏற்றுமதிக் கம்பெனியில் கப்பல் சரக்குக்கான காகிதங்களைத் தயார் செய்கிற வேலை. தேர்வு எழுதுவது இது மூன்றாவது தடவை. போன தடவை படிக்க லீவு கேட்டபோதே முதலாளி தாடையைச் சொறிந்தார். இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லிவிட்டார். "மூணு தடவை நீ லீவு கேட்ட, நான் குடுத்தேன். நாலாவது தடவை கேட்டீன்னா நான் வேற ஆளைக் கேப்பேன் அம்மிணி."

பூங்கோதைக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. வரும். வந்தால் போகாது, அதுதான் அவளுடைய வியாதி. ஒரு கேள்வியைத் தொட்டுவிட்டால் விடை வராமல் அடுத்ததற்கு நகர மாட்டாள். சட்டையில் ஒரு நூல் பிரிந்தால் கை முழுவதும் அவிழும்வரை இழுக்கிற பிறவி. மாதிரித் தேர்வு எழுதுகிறவர்கள் எல்லாரும் தப்பு நோட்டு ஒன்று வைத்திருப்பார்கள். எந்தக் கேள்வி தப்பாயிற்று, ஏன் தப்பாயிற்று என்று அன்றன்றைக்கு எழுதிவைக்கிற நோட்டு. பூங்கோதையின் நோட்டில் 'ஏன்' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்தான் இருந்தது: விடவில்லை. போன வருஷம் அசல் தேர்விலேயே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு நிமிஷம் தொங்கினாள். விடை வந்தது. நேரம் போய்விட்டது. இந்த வருஷம் மணிபர்சுக்குள் ஒரு துண்டுச் சீட்டில் "ரெண்டு நிமிஷம். அப்புறம் விடு" என்று எழுதி வைத்திருந்தாள். வேன் கிளம்புவதற்குள் அதை எட்டு தரம் எடுத்துப் படித்தாயிற்று.

மற்ற இருவரில் ஷாகிதா இப்போதுதான் இன்ஜினியரிங் முடித்தவள், நாக்கில் தராசு வைத்திருப்பவள். ஜெபராஜ் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன். யார் எதைச் சொன்னாலும் டைரியில் குறித்துக்கொள்வான். நான்காவதாக, பஸ் ஸ்டாண்டு வாசலில் ஓர் அரிசிச் சாக்கோடு ஏறியவர்தான் வெள்ளிங்கிரி. ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். நாற்பது வயதிருக்கும். சாக்கு நிறைய மாதிரி வினாப் புத்தகங்கள்.

"அண்ணனும் எக்ஸாமுக்குத்தானா?" என்று ஜெபராஜ் இடம் விட்டு நகர்ந்தான்.

"பின்ன, கல்யாணத்துக்கா இந்தச் சாக்கைத் தூக்கீட்டு வருவாங்க? எட்டு வருசமா இதே சோலிதானுங்க." வெள்ளிங்கிரி சாக்கைத் தட்டினார். "இதுவரைக்கும் பதினெட்டு லட்சம் மாதிரிக் கணக்குப் போட்டிருக்கறனுங்க."

ஷாகிதா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "எட்டு வருஷத்துக்குப் பதினெட்டு லட்சம்னா ஒரு நாளைக்கு அறுநூத்திப் பதினாறு. ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம் வெச்சாலும் இருபதரை மணி நேரம் ஆகுதுண்ணா. தூக்கம், சோறு, குளியல் எல்லாம் மூணரை மணி நேரத்துலயா?"

"தூக்கத்தை எதுக்குத் தனியாக் கழிக்கறீங்க? தூங்கறப்பத்தான் பாதி போட்டதே. காலையில எந்திரிச்சுப் பார்த்தா போர்வை பூரா விடை எழுதியிருக்கும். எங்க அண்ணி அதைத் தொவைக்காம மடிச்சு வெச்சு, டியூசன் பசங்களுக்கு வாடகைக்கு உட்டாங்கன்னா பார்த்துக்கங்க."

முன்னால் ஆறுச்சாமி கியரை மாற்றினார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. பேச்சை டீசல் மாதிரி சிக்கனமாகச் செலவழிக்கிறவர். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

பூங்கோதை சூத்திரத் தாளை மடியில் விரித்துவைத்திருந்தாள். கிணத்துக்கடவு வருவதற்குள் அதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம். ஆனால் காது பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"போட்டது கூடப் பெருசில்லைங்க," என்றார் வெள்ளிங்கிரி. "பென்சில் சீவுன தூளு இருக்குது பாருங்க, அதுதான் தொந்தரவு. முதல்ல முறத்துல அள்ளுனோம். அப்பறம் தள்ளுவண்டி வெச்சோம். அஞ்சாவது வருசம் தோப்புக்கு அக்கட்டால ஒரு மேடு கட்டிப்போச்சு. வெளியூர்க்காரன் ஒருத்தன் அதை ஆனைமலைன்னு நெனைச்சு போட்டோ எடுத்துட்டுப் போனான். சரி, குப்பை உரந்தானேன்னு தென்னைக்கு அடியில போட்டோம். அங்கதாங்க தப்புப் பண்ணினோம்."

"என்ன ஆச்சு?" என்றாள் பூங்கோதை. கேட்ட பிறகுதான் உதட்டைக் கடித்தாள்.

"தேங்காய்க்கு எத்தனை கண்ணு அம்மிணி?"

"மூணு."

"உங்க ஊட்டுத் தேங்காய்க்கு மூணு. எங்க தோப்புல அந்த வருசத்துல இருந்து நாலு கண்ணு. ஏ, பி, சி, டி. அதுல ஒண்ணுதான் சரியான கண்ணு. அதுல குத்துனீங்கன்னா தண்ணி பீச்சி அடிக்கும். தப்பான கண்ணுல குத்துனீங்க, உள்ள இருக்கற தண்ணியில மூணுல ஒரு பங்கு வத்திப்போகும்."

நெகட்டிவ் மார்க் வாங்கி வாங்கி நொந்துபோன ஜெபராஜ் வேனே அதிரச் சிரித்தான். அப்புறம் டைரியைத் திறந்து, 'தேங்காய், மூன்றில் ஒரு பங்கு' என்று எழுதிக்கொண்டான்.

"அந்தத் தேங்காயை நாங்க பார்க்க முடியுமா?" என்று ஷாகிதா தராசை நீட்டினாள்.

அவர் தயங்கவே இல்லை. சாக்குக்குள் கையை விட்டு ஒரு தேங்காயை எடுத்தார். நல்ல முற்றின காய். தலையில் சுவாமிக்குக் கொண்டுபோகிற காய்க்கு விடுகிற மாதிரி அடர்த்தியான குடுமி.

"குடுமியை எடுத்துக் காட்டுங்க."

"அதெப்படிங்க? இது பரீச்சைப் பிள்ளையாருக்கு வெச்சிருக்கற காயி. சாமிக்கு வெச்ச காய்க்கு முன்கூட்டியே குடுமியை எடுக்கலாமுங்களா? எடுத்துட்டு உங்க மூணு பேருக்கும் மார்க்கு வரலைன்னா அந்தப் பாவம் எனக்கு எதுக்குங்க?"

ஷாகிதாவுக்குப் பிள்ளையாரிடம் வேண்டுதல் எதுவும் கிடையாது. ஆனாலும் பரீட்சை நாளில் அந்த வம்பை விலைக்கு வாங்க அவளுக்கும் மனசு வரவில்லை. தேங்காய் குடுமியோடு சாக்குக்குள் திரும்பிப் போயிற்று.

மெயின் ரோட்டில் பாலம் வேலை. ஆறுச்சாமி வண்டியை உள்ரோட்டில் திருப்பினார். திருப்பி இரண்டு கிலோமீட்டர் போனதும் ஒரு ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. மணி பதினொன்று பத்து. பூங்கோதை சூத்திரத் தாளைப் பார்த்தாள். எழுத்து ஓடியது.

தூரத்தில் ஒரு ஊதல் கேட்டது. வெள்ளிங்கிரி கண்ணை மூடி, விரலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யாரும் பதற வேண்டியதில்லைங்க. ரயிலு கணக்கு மட்டும் நாலு லட்சம் போட்டிருக்கேன். ஊதலை வெச்சே சொல்லிப்போடுவேன். மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர். நீளம் எழுநூத்து இருபது மீட்டர். நம்மளைக் கடந்து போகச் சரியா முப்பத்தாறு செகண்டு. வேணும்னா வாட்ச்சைப் பாருங்க."

ஷாகிதா போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினாள். ஜெபராஜ் கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். ஆறுச்சாமிகூடத் தலையை வெளியே நீட்டினார். ரயில் வந்தது. வந்தது என்றால், எஞ்சின் மட்டும் வந்தது. பின்னால் ஒரு பெட்டிகூடக் கிடையாது. தடக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், போயே போய்விட்டது.

"ரெண்டு செகண்டு," என்றாள் ஷாகிதா.

எல்லாரும் வெள்ளிங்கிரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம்கூட விழவில்லை.

"பெட்டியெல்லாம் போத்தனூர்லயே நின்னுபோச்சுங்க. நான் இந்தப் பக்கம் வாரேன்னு தெரிஞ்சா அப்படித்தான். எத்தனை தடவைதான் அதுகளும் அளவெடுக்க உடும்?"

கேட் திறந்தது. கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர் என்று பூங்கோதை நினைத்துக்கொண்டாள். சொல்வது அத்தனையும் புளுகு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அடுத்தது என்ன என்று மனசு அரித்தது. இது கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற அதே அரிப்புத்தான் என்பதும் தெரிந்தது. மணிபர்சைத் திறந்து சீட்டைப் பார்த்தாள். மூடினாள். "அப்புறம்?" என்றாள்.

"அப்பறம் என்னங்க, கணக்குல இருக்கறவங்களே எங்கூட்டுக்கு வர ஆரம்பிச்சுட்டாங்க."

"யாரு?"

"ஏ-வும் பி-யும். ஒரு சுவத்தை ஏ பத்து நாள்ல கட்டுவான், பி பதினஞ்சு நாள்ல கட்டுவான், ரெண்டு பேரும் சேந்தா எத்தனை நாள்னு கேப்பாங்கள்ல? அந்த ஏ, அந்த பி. ஒரு நாள் பொழுதோட கொத்தனார் கரண்டியோட வாசல்ல வந்து நிக்கறாங்க. 'வெள்ளிங்கிரி, லட்சக்கணக்கான தடவை எங்களைச் சுவரு கட்ட வெச்சுட்டீங்க, ஒரு நாளு லீவு குடுத்திருக்கீங்களா'ன்னு கேட்டாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. ஒறம்பரை மாதிரி உள்ள கூப்புட்டு உக்கார வெச்சேன். எங்க அண்ணி ஒரு அண்டா சோறு ஆக்குனாங்க. அந்த அண்டாவை ஏ தனியாத் தின்னா பத்து நிமிசம், பி தனியாத் தின்னா பதினஞ்சு நிமிசம்."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஆறு நிமிஷத்துல முடிச்சிருப்பாங்க," என்றான் ஜெபராஜ், பென்சில்கூட எடுக்காமல்.

"ஆறே நிமிசந்தானுங்க. எங்க அண்ணி கரண்டியைக் கீழ வெக்கறதுக்குள்ள அண்டா காலி."

"சி வரலையா?" என்று பூங்கோதை கேட்டாள்.

"வந்தான். சி-யைத்தான் தெரியுமே. வேலை முடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போற பய. ரசம் ஊத்தும்போதே கை கழுவீட்டுப் போயிட்டான்."

அதோடு விட்டாரா? அடுத்த நாள் பால்காரர் வந்தாராம். பாலும் தண்ணீரும் ஏழுக்கு இரண்டு என்று கலக்கிறவர். என் கலவை என்னவென்று நாட்டில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, இனி எந்த ஊரில் நான் பால் ஊற்றுவேன் என்று முற்றத்தில் உட்கார்ந்து அழுதாராம். அவர் கண்ணீரிலும் ஏழுக்கு இரண்டுதான் உப்பு என்றார் வெள்ளிங்கிரி. அதற்கும் அடுத்த நாள் ஓர் அப்பனும் மகனும். அப்பன் வயது மகன் வயதைப்போல நான்கு மடங்கு, இருபது வருஷம் கழித்து இரண்டு மடங்கு.

"அப்பனுக்கு நாப்பது, பையனுக்குப் பத்து," என்று ஷாகிதா அவளை அறியாமலே சொல்லிவிட்டாள்.

"அதுதானுங்க அவன் வெசனமே. புஸ்தகத்துக்குப் புதுப் பதிப்பு வந்துட்டே இருக்குது, பையனுக்குப் பத்துதான். முப்பது வருசமாப் பத்து. 'மாமா, எனக்கு மீசை மொளைக்கறதுக்கு ஒரு வழி பண்ணுங்க'ன்னு என் காலைப் புடிச்சுட்டான். சரின்னு விடையில பதினேழுன்னு போட்டு உட்டேன். எட்டு வருசத்துல நான் தப்பாப் போட்ட ஒரே கணக்கு அதுதான்."

ஷாகிதா போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். இனி மறைத்துப் பிரயோசனமில்லை, அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஈச்சனாரி தாண்டும்போது வேன் குலுங்கியது ரோட்டினாலா சிரிப்பினாலா என்று சொல்ல முடியாது. ஜெபராஜுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

"எங்க பங்காளி ஊட்டுக் கல்யாணத்துக்கு இவங்களையெல்லாம் கூட்டீட்டுப் போனேன் பாருங்க, அதுதான் மானம் போன கதை. வட்ட மேசைக் கணக்குல இருந்து எட்டு பேரும் சேந்து வந்துட்டாங்க. பந்தியில நாலு பேரு மாதிரி வரிசையா உக்கார மாட்டேங்கறாங்க. வட்டமாத்தான் உக்காருவாங்களாம், மூஞ்சி நடுவுல பார்த்துத்தான் இருக்கோணுமாம். சாம்பார் வாளிக்காரன் வட்டத்துக்குள்ள போயி மாட்டிக்கிட்டான், வெளிய வர வழியில்ல. எச்-க்கு எடது பக்கம் மூணாவதா இருந்தாத்தான் ஜி உக்காருவான். எஃப் பக்கத்துல ஈ உக்கார மாட்டா. ரெண்டு பந்தி முடிஞ்சு எலை எடுத்தாச்சு, இவங்க இன்னும் நின்னுட்டே இருக்கறாங்க."

"எப்படி உட்கார வெச்சீங்க?" பூங்கோதை சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பியிருந்தாள். சூத்திரத் தாள் காலடியில் கிடந்தது.

"நாப்பது செகண்டுல உக்கார வெச்சேன். அந்தச் சேதி எப்படியோ கேள்வித்தாள் எடுக்கறவங்க காதுக்குப் போயிருச்சு. மறு வாரம் தோப்புல ஹெலிகாப்டர் எறங்குது. அந்தக் காத்துல நூத்தி இருபது காயி உழுந்துச்சு. கோட்டுப் போட்ட மூணு பேரு எறங்கி வந்து கையைக் கட்டீட்டு நிக்கறாங்க. 'அய்யா, போதுமுங்க, நிறுத்திக்கங்க. உலகத்துல இருந்த கேள்வியை எல்லாம் நீங்க போட்டு முடிச்சுட்டீங்க. இந்த வருசப் பரீச்சைக்கு வெக்க எங்ககிட்ட ஒரு கேள்விகூட இல்லைங்க'ன்னாங்க. பாவமா இருந்துச்சு. சாக்குல மிச்சம் கெடந்ததுல அறுபத்தாறை அள்ளிக் குடுத்து அனுப்புனேன். இன்னைக்கு உங்களுக்கு வரப்போறது அதுதானுங்க."

ஜெபராஜ் டைரியைப் புரட்டி வெள்ளைப் பக்கம் எடுத்தான். "அப்படின்னா என்னென்ன வரும்ணா?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் தம்பி."

"அதானே பார்த்தேன்," என்றாள் ஷாகிதா.

தேர்வு மையம் ஊர் ஓரத்தில் ஒரு கல்லூரி. வேன் போய் நின்றபோது மணி பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம். எதிர்ச் சாரியில் அரச மரத்தடியில் ஒரு பிள்ளையார். பரீட்சை எழுதுகிற ஊரெல்லாம் அங்கே நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளிங்கிரி தன் காயை எடுத்தார். கண்ணை மூடினார். ஓங்கி அடித்தார். காய் சிதறியது. கண் இருக்கிற சில்லு உருண்டு ஷாகிதாவின் செருப்பருகே வந்து நின்றது.

"இப்ப குடுமியை எடுக்கலாமில்ல?" என்று கேட்டுக்கொண்டே அவள் குனிந்து அதை எடுத்தாள். நாரைப் பிய்த்தாள். மூன்று பேரும் தலையை நீட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் மூன்றுதான்.

"நாலாவது எங்கண்ணா?"

வெள்ளிங்கிரி அந்தச் சில்லை வாங்கி, அன்பாக ஒரு தடவு தடவினார். "நாலாவது ஆப்ஷன் என்னன்னு மறந்துபோச்சா? 'மேற்கண்ட எதுவுமில்லை.' அது எப்படிங்க கண்ணுக்குத் தெரியும்?"

ஷாகிதாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆளை விடுங்க சாமி," என்று கும்பிட்டுவிட்டு ரோட்டைக் கடந்தாள். ஜெபராஜ் விக்கலோடு பின்னால் ஓடினான். கேட்டில் காக்கி உடுப்புக் காவலர் ஹால் டிக்கெட்டைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார். பூங்கோதையும் தன் ஹால் டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கேட் வரைக்கும் வந்த வெள்ளிங்கிரி அதற்கு மேல் நகரவில்லை. சட்டைப் பையைத் தடவவும் இல்லை.

"வாங்கண்ணா, நேரமாச்சு. ஹால் டிக்கெட்டை மறந்துட்டீங்களா?"

"நீங்க போங்க அம்மிணி."

"வேன்ல இருந்தா ஓடிப்போய் எடுத்துட்டு வரட்டுமா?"

அவர் சாக்கின் கழுத்தை முறுக்கினார். குரல் இறங்கிவிட்டது. "அப்ளிகேசனே போடலைங்க."

"இந்த வருஷமா?"

"எட்டு வருசமும். ஒவ்வொரு வருசமும் கடைசித் தேதி அன்னைக்கு ஒரு கணக்கு பாதியில நிக்குமுங்க. இதை முடிச்சுட்டுப் போட்டுக்கலாம்னு உக்காருவேன். முடிச்சுட்டு நிமிந்து பார்த்தாத் தேதி போயிருக்கும். பரீச்சை அன்னைக்கு ஊட்ல உக்காந்திருக்கவும் முடியறதில்ல. அதுதான் உங்களை மாதிரி யாரு கூடவாவது வந்துட்டுப் போயிருவேன்."

பொள்ளாச்சியிலிருந்து அதுவரை அவர் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை. பூங்கோதைக்கு அது உடனே தெரிந்துவிட்டது. தப்பு நோட்டில் தான் எழுதிவந்த அந்த ஒற்றைச் சொல் வேட்டி கட்டி, சாக்குத் தூக்கி, நாற்பது வயதில் எதிரே நிற்கிற மாதிரி இருந்தது. அவர்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேல் பயம் வந்தது.

"பன்னெண்டு பத்து," என்றார் காவலர். "உள்ள போறவங்க போங்க."

வெள்ளிங்கிரிக்கு அதற்குள் பழைய குரல் திரும்பிவிட்டது. "ஆனா இந்த வருசம் நின்ன கணக்கு இருக்குது பாருங்க, அது லேசுப்பட்ட கணக்கில்லைங்க. அதே வட்ட மேசைதான், எட்டு பேருதான். எல்லாரும் உக்காந்தாச்சு. ஒரு தப்பும் இல்ல. ஆனா ஒம்பதாவதா ஒருத்தன் கதவுகிட்ட நிக்கறானுங்க. அவன் பேரு கேள்வியிலயே கெடையாது. யாருன்னு எனக்குத்தான் தெரியும். ஒரே நிமிசம், சொல்லிப்போடறேன் கேளுங்க."

பூங்கோதையின் கால் நின்றது. யார் அவன்? எட்டு பேருக்கு எட்டு நாற்காலி என்றால் ஒன்பதாவது ஆள் எதற்கு வந்தான்? எல்லாரும் நடுவில் பார்த்து உட்கார்ந்திருந்தால் அவனை யார் பார்த்தது? கேட்காமல் உள்ளே போனால் தேர்வு நேரம் முழுவதும் அவன் அந்தக் கதவருகிலேயே நின்றுகொண்டிருப்பான் என்று தோன்றியது. ஒரே நிமிஷம்தானே என்றது மனசு. போன வருஷமும் அது இதையேதான் சொன்னது.

"பூட்டப் போறேன்மா," என்றார் காவலர். கை சங்கிலியில் இருந்தது.

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "வெள்ளிங்கிரி அண்ணா, நீங்க ரொம்ப நேரம் திங்கற கணக்குங்க. உங்களை விட்டுட்டு நான் அடுத்ததுக்குப் போறேன்."

சொன்னவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். வெள்ளிங்கிரி திறந்த வாயோடு நின்றார். கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போன முதல் ஆளை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். சங்கிலி விழுந்தது.

உள்ளே கம்ப்யூட்டர் திரையில் கேள்விகள் வந்தன. இரண்டாவது பகுதியில் முதலாவதாக வந்து நின்றது, வட்ட மேசையும் எட்டுப் பேரும்தான். பூங்கோதைக்குச் சாம்பார் வாளிக்காரர் ஞாபகம் வந்து சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு படித்தாள். ஆறு பேரை உட்காரவைத்துவிட்டாள். இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தாள், இரண்டு நிமிஷம் ஆகிவிட்டிருந்தது. நின்றவர்களை நிற்கவிட்டு அடுத்த கேள்விக்கான பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அடுத்த கேள்வி வந்தது, அது சுலபமாக இருந்தது.

வெளியே வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. போன வருஷம் பதினேழு கேள்விதான் தொட்டிருந்தாள். இந்த வருஷம் நாற்பத்தொன்று. "நாப்பத்தி ஒண்ணு, ஷாகிதா, நாப்பத்தி ஒண்ணு," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். எல்லாம் சரியா என்பது அப்புறம். வேன் அரச மர நிழலில் நின்றது. காவலர் அதன் படியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஹெலிகாப்டர் வரைக்கும் கதை வந்திருந்தது.

பூங்கோதையைக் கண்டதும் வெள்ளிங்கிரி எழுந்தார். "வந்துட்டாங்க பாருங்க. எத்தனை போட்டீங்க அம்மிணி?"

"நாப்பத்தி ஒண்ணுங்க."

"பார்த்தீங்களா?" அவர் காவலர் பக்கம் திரும்பினார். "கதவுகிட்ட ஒருத்தன் நின்னான்னு சொன்னேன்ல. அப்படி ஒருத்தனும் கெடையாது. அதுதானுங்க இந்த அம்மிணிக்கு நான் வெச்ச கடைசி மாதிரி வினா. விட்டுட்டுப் போறாங்களா இல்லியான்னு பார்க்கறதுக்காக வேணும்னே வெச்சது. பாஸ் பண்ணிப்போட்டாங்க."

ஜெபராஜ் டைரியைத் தேடினான். அது மெய்யா, நிழலில் உட்கார்ந்து யோசித்துவைத்த பொய்யா என்று பூங்கோதை ஒரு கணம் ஆராயப் பார்த்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அதையும் விட்டுவிட்டாள்.

"அது போகட்டுங்க," என்றாள். "அடுத்த வருஷம் கடைசித் தேதிக்கு நான் ஆனைமலைக்கு வர்றேன். உங்க கையில இருந்து பென்சிலைப் பிடுங்கி வெச்சுட்டு, நானே உக்காந்து அப்ளிகேஷன் போட்டுட்டுத்தான் போவேன். அப்புறம் நீங்க வேணுங்கற கணக்கைப் போட்டுக்கங்க."

வெள்ளிங்கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாக்கைத் தூக்கி மெல்ல வேனுக்குள் வைத்தார். அந்தச் சாக்குக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

காலையிலிருந்து வாயைத் திறக்காத ஆறுச்சாமி ஸ்டியரிங்கைத் துடைத்த துணியை உதறினார்.

"பென்சிலை அம்மிணி எடுத்துக்கட்டும். அந்தச் சீவுன தூளுல எனக்கு ஒரு மூட்டை வேணுமுங்க, வெள்ளிங்கிரி," என்றார். "எங்க தோட்டத்துத் தேங்காயெல்லாம் இன்னும் 'சரியா, தப்பா'ன்னு ரெண்டே கண்ணோடதான் காய்ச்சுட்டுக் கெடக்குது."